செனட்டரின் கையெழுத்து

"யாரைக் கேட்டு இந்த வீட்டுக்குள்ள வந்தே?"

பெரியப்பா ஜொசையா போட்ட சத்தத்தில், விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த லெட்டிஷியா திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கதானே ஐயா கடிதம் போட்டீங்க?" என்றபடி, அவள் மணக்க ஆசைப்பட்ட கேலப் கோட்டுப் பையிலிருந்து அதை எடுத்தான்.

லெட்டிஷியாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்தக் கடிதத்தை எழுதியதே அவள்தான். செனட்டரான பெரியப்பாவின் கடிதங்களை அழகாகப் படியெடுத்துத் தருவது அவள் வேலை. அவர் நாற்பது, ஐம்பது என்று மடமடவெனக் கையெழுத்துப் போட்டு, தானே முத்திரை வைத்துத் தபாலுக்கு அனுப்பிவிடுவார். போன வாரம் அந்தக் கட்டின் நடுவில் இதையும் செருகிவிட்டாள். அதற்காக இந்த மனுஷன் ஊரே கூடியிருக்கும் வியாழக்கிழமை விருந்திலா வந்து நிற்க வேண்டும்?

"பெரிய மனுஷங்க மாதிரி தலைமுடிக்குப் பவுடர்கூடப் போடாம வந்திருக்கு பாரு, வெர்மான்ட் காட்டுலேர்ந்து!" என்றாள் பெரியம்மா ஹானோரியா. லெட்டிஷியா கப்பல் வியாபாரி மகனுக்குத்தான் என்று அவள் முடிவு கட்டி ஆறு மாதமாகிறது. அவள் கிழித்த கோட்டைப் பெரியப்பா தாண்டியதே இல்லை.

"படிங்க தம்பி, நாங்களும் கேக்கறோம்!" விருந்தாளிகளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பிலடெல்பியாவில் கடிதம் என்பதே நாலு பேர் நடுவில் உரக்கப் படிப்பதற்குத்தானே!

கேலப் படித்தான். "'என் தம்பி மகள் லெட்டிஷியாவை உமக்கு மணமுடித்துத் தர முழுமனதோடு சம்மதிக்கிறேன். இப்படிக்கு, ஜொசையா வெய்ன்ரைட்.'"

கூடமே கைதட்டியது. பெரியம்மா கணவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். "இது உங்க கையெழுத்தா?"

ஜொசையா கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அவசரமாக மடித்துக் கொடுத்தார். "என்னுதுதான். படிக்காம போட்டுட்டேன்னு சொன்னா இந்த ஊர்ல எவன் என்னை மதிப்பான், ஹானோரியா?" என்று முணுமுணுத்தார்.

பெரியம்மா விருந்தாளிகளைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். "சரி, சரி... மாப்பிள்ளைக்கு ஒரு கோப்பை தேநீர் கொடு."

லெட்டிஷியாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கோப்பையை நீட்டிக்கொண்டே, "இத்தனை பேர் இருக்கறப்பவா வருவாங்க? கொஞ்சம் தவறியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கிசுகிசுத்தாள்.

"அதுல அப்படித்தானே போட்டிருந்தது!" என்று கேலப் கடிதத்தை அவளிடம் தந்தான்.

கையெழுத்துக்குக் கீழே, அவள் எழுதாத வரிகள் பெரியப்பாவின் கோணல் எழுத்தில் இருந்தன: 'வியாழன் நாலு மணிக்கு, வீடு நிறைய ஆள் இருக்கும்போது வாரும். நான் சத்தம் போடுவேன், பயப்படாதீர். என் மனைவி நாலு பேர் முன்னால் முடியாது என்று சொல்லமாட்டாள்.'