உழாத நிலம்

“அங்கிள், மண்ணைக் கிளறக் கூடாதுன்னுதானே அரசாங்கம் உங்களுக்கு உதவித்தொகை கொடுக்குது? மறந்துட்டீங்களா?”

லிம் சூ காங் வட்டாரத்துக் கீரைத் தோட்டத்தில் காரை விட்டு இறங்கியதுமே அதிகாரி பிரவீணாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மண் அரிக்காமலிருக்கப் பரப்பிய வைக்கோல் கண்டபடி சிதறிக் கிடந்தது. பாத்தி முழுக்க முழங்கால் ஆழத்துக்குக் குழிகள்.

“நான் கிளறலம்மா,” என்றார் தோட்டக்காரர் லூர்துநாதன்.

“அப்புறம் யாரு, காட்டுப்பன்னியா?”

“பன்னி இவ்வளவு ஆழமாத் தோண்டாது லா.”

இப்படி எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள்! பணம் கைக்கு வரும்வரை மண்ணைத் தாய் என்பார்கள். வந்த மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிவிடுவார்கள்.

குழியோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இதுக்கு மேல சாட்சி வேணுமா? உதவித்தொகை கட். சாரி அங்கிள்.”

“பிடியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கம்மா.”

பிடியில் அவளுடைய அலுவலக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

“நேத்து உங்க ஆபீஸ் ஆளுங்க வந்தாங்க. நான் நிஜமாவே மண்ணைக் கிளறாம இருக்கேனான்னு தோண்டித் தோண்டிப் பார்த்தாங்க. அடிமண்ணு வரைக்கும் பார்த்தாகணும்னு மேடம் உத்தரவாம்.”

உத்தரவு போட்ட மேடம் மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

“எதுக்கும்... இன்னொரு தடவை செக் பண்ணணும் அங்கிள். அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்.”

“அனுப்புங்கம்மா. மண்வெட்டி கொண்டு வர வேணாம்னு சொல்லிடுங்க. இது இங்கேயே இருக்கட்டும்.”