ஆறு மணிக்கு மேல் அனுமதி இல்லை

"கதவுல ஒட்டியிருந்த நோட்டீஸை யார் கிழிச்சது?"

டாக்ஸிக்காரர் நோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். வாட்ச்மேன் ஜன்னலைப் பார்த்தார். இந்த மாலை நேர இங்கிலீஷ் வகுப்பில் எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். முழிக்கிற முழி மட்டும் ஒன்றாம் வகுப்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'ஆறு மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை' என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் எழுதி, நானே பசை தடவி ஒட்டியது.

உண்மையைச் சொன்னால், இஸ்திரிக்காரருக்காக ஒட்டியது. ஆஸ்பத்திரித் துணிகளைத் தேய்க்கிற வேலை அவருக்கு. எப்போதும் கால் மணி நேரம் லேட். செருப்புச் சத்தம், நாற்காலிச் சத்தம், "மன்னிச்சுக்குங்க டீச்சர்". அதோடு பாடம் போச்சு.

ஒட்டியதிலிருந்து மனிதர் வகுப்புக்குள் வரவே இல்லை. இன்றும் வராவிட்டால் மூன்று வகுப்பு தவறிவிடும். பட்டியலிலிருந்து பெயரை அடித்தாக வேண்டும். அக்கறை இருந்தால் வருவார், இல்லாதவரைக் கட்டியா இழுத்து வர முடியும்?

"சரி, வீட்டுப்பாடத்தை எடுங்க."

தினமும் கண்ணில் படுகிற ஏதாவது ஒரு இங்கிலீஷ் எழுத்தைக் கொண்டுவந்து வாசிக்க வேண்டும். யார் எழுதியது, எந்தக் குரலில், யாருக்கு என்று மூன்றையும் சொல்ல வேண்டும்.

டாக்ஸிக்காரர் மருந்து பாட்டிலைக் காட்டினார். "கம்பெனி எழுதினது. மிரட்டுற குரல். குடிக்கிறவனுக்கு."

"சபாஷ். அடுத்து?"

கேன்டீன் சமையல்காரம்மா எழுந்தார். பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ஓரமெல்லாம் காய்ந்த பசை.

"நீங்களா?"

"பாடத்தைச் சொல்லிடறேன் டீச்சர். அப்புறம் திட்டு வாங்கிக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "யார் எழுதினது?"

"ஒரு தங்கமான பொண்ணு. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப வீடு தேடி வந்து பாடம் சொல்லிக் குடுத்துச்சு. இதை அந்தப் பொண்ணுதான் எழுதிச்சுன்னா நம்பவே முடியல."

"குரல்?"

"மூஞ்சியில கதவைச் சாத்துற குரல்."

எனக்குக் காது சூடாயிற்று. "யாருக்கு?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"போன வாரம் தண்ணி பிடிக்க வெளிய போனேன் டீச்சர். இஸ்திரி அண்ணன் கதவுக்கு முன்னாடி நின்னு, விரலை வெச்சு ஒவ்வொரு வார்த்தையா வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. யாரையும் கேக்கல, ஒரு எழுத்தும் தப்பல. 'தங்கச்சி, யார் துணையும் இல்லாம முழுசா வாசிச்சிட்டேன்! வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை!'ன்னு பச்சைப் பிள்ளையாட்டம் சிரிச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறம்தான் அவருக்கு அர்த்தம் புரிஞ்சுது. பேசாம படியிறங்கிப் போயிட்டாரு."

காகிதத்தை மறுபடி நாலாக மடித்தார்.

"அதான் இன்னைக்கு சீக்கிரமா வந்து கிழிச்சேன். கதவுல ஒண்ணுமே இல்லண்ணே, தைரியமா வாங்கன்னு சொல்லியிருக்கேன்."

மணி ஆறேகால். படியில் செருப்புச் சத்தம். மெல்ல ஏறி வந்து, கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

நானே போய்க் கதவைத் திறந்தேன். அவர் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

"மன்னிச்சுக்குங்கண்ணே."