பஸ் பரீட்சை

"ஆமா, கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன். அதுக்கு இப்ப என்ன?"

செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள் அவள்.

கூடத்தில் தீர்ப்பு சொல்ல ஆள் தயாராக இருந்தது. ஒரு நாற்காலியில் கணவர், லிஃப்ட் மெக்கானிக். எதிரே அவருடைய அக்கா. மூன்று மணிக்கெல்லாம் வர வேண்டியவள் இருட்டுகிற நேரத்தில் வந்து நின்றால் சும்மா விடுவார்களா?

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் மெக்கானிக்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளுக்குத் தையல் வேலை கிடைத்திருந்தது. டாக்டர் கோட்டுக்குப் பட்டன் வைப்பது, கிழிந்த போர்வைக்கு ஓரம் அடிப்பது. திங்கட்கிழமை சேர வேண்டும். அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

"உனக்குக் கவனம் போதாது. தனியா பஸ்ஸுல போனா எங்கயாவது தொலைஞ்சுடுவே" என்று மெக்கானிக் முட்டுக்கட்டை போட்டார். அவள் மசியவில்லை என்றதும் ஒரு பரீட்சை வைத்தார். இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை தனியாக பஸ்ஸில் போய்த் திரும்ப வேண்டும். தவறினால் வேலை கிடையாது.

"தவறிட்டே. வேலைக்கு வரலன்னு போன் பண்ணிச் சொல்லிடு."

"மாட்டேன்."

"பேசினபடி நடக்கணும்ல?"

"பேசினது நீங்க. நான் எப்ப சரின்னேன்? பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன், அவ்வளவுதான்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "செய்யறதையும் செஞ்சுட்டு வாயப் பாரு! ஸ்டாப் வர்றதுகூடத் தெரியாம அப்படி என்னம்மா யோசனை?"

"கவனம் தப்பிடுச்சு அண்ணி. யாருக்கும் தப்பும்."

"தப்புனா ஒரு ஸ்டாப் தப்பும், ரெண்டு ஸ்டாப் தப்பும். பஸ்ஸே காலியானதுகூடத் தெரியாம எந்த மடச்சாம்பிராணியாவது உட்கார்ந்திருக்குமா?"

மெக்கானிக்குக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"விடுக்கா, போதும்."

"ஏன்டா விடணும்? கடைசி ஸ்டாப் வரைக்கும் ஜம்முனு உட்கார்ந்து போயிருக்கா..."

"எங்க போனா? அந்த பஸ்ஸுல கடைசி வரைக்கும் இவ வரவே..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எந்த பஸ்ஸுடா?"

"ஒண்ணுமில்லக்கா. பேச்சுக்குச் சொன்னேன்."

அவருக்கு எப்படித் தெரியும் என்றால், அதே பஸ்ஸில் அவரும் போயிருந்தார். வேவு பார்க்கத்தான். பின்வாசல் வழியாக ஏறி, ஒரு கனத்த ஆசாமியின் மறைவில் உட்கார்ந்துகொண்டார். எல்லாம் பாசம்தான் என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார். பாசமாவது ஒன்றாவது! அவள் தவறும்போது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அதுதான் ஆசை.

பாதி வழியில் போன் வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். "மேல போ. மெயினை ஆஃப் பண்ணு. பண்ணிட்டியா? அதில்லப்பா, அது லைட்டு!" என்று அங்கிருந்த காவலாளிக்குப் பாடம் நடத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால், முன் சீட்டில் மனைவியைக் காணோம். பஸ்ஸிலேயே யாரையும் காணோம். கடைசி ஸ்டாப் வந்திருந்தது.

எங்கே போனாலும் பைக்கில் போய்ப் பழகிய மனுஷர். திரும்பி வர எந்த பஸ், எந்தப் பக்கம் நிற்கும், எதுவும் தெரியவில்லை. யாரையாவது கேட்கலாம் என்றால் கௌரவம் விடவில்லை. அலையாய் அலைந்து, ஒரு டாக்ஸி பிடித்து வீடு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். அக்கா வந்தது அதற்கப்புறம்தான்.

ஆக, இவள் சொல்வது பச்சைப் பொய். ஸ்டாப்பில் ஒழுங்காகத்தான் இறங்கியிருக்கிறாள். இறங்கிவிட்டு இவ்வளவு நேரம் எங்கே சுற்றினாள்? கேட்டால் தன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். மெக்கானிக்குக்கு மண்டை காய்ந்தது.

அக்கா கிளம்பினாள். "இவளை வேலைக்கு அனுப்பாதடா. அப்புறம் ஊரெல்லாம் தேடிக்கிட்டு நீதான் அலையணும்" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள்.

கதவைச் சாத்திவிட்டு மெக்கானிக் திரும்பினார். அவள் திங்கட்கிழமை உடுத்த வேண்டிய துணியை விரித்து இஸ்திரி போட ஆரம்பித்திருந்தாள்.

"நான் இவ்வளவு சொல்றேன், நீ பாட்டுக்கு இஸ்திரி போடுறியா?"

"கசங்கின துணியோட முதல் நாள் போக முடியுமா?"

"பொய் சொன்னவளுக்குத் திமிர் வேறயா? நீ ஒண்ணும் ஸ்டாப்பை விடல. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

மெக்கானிக் குரலை உயர்த்தினார். "எப்படியோ தெரியும்! இனிமே உன்னைத் தனியா விடுறதா இல்ல. வேலைக்குப் போயே ஆகணும்னா, நானும் கூட வருவேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வேணவே வேணாம். ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கித் திரும்பினா, பின் சீட்டுல நீங்க போனும் கையுமா போயிக்கிட்டிருக்கீங்க. ஜன்னலைத் தட்டினேன், கத்தினேன், எதுவும் உங்க காதுல விழல. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு கடைசி ஸ்டாப்புக்கு ஓடி வந்தேன். அங்க ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பார்த்துக்கிட்டுத் திருதிருன்னு நின்னீங்க. கூப்பிட்டா கூசிப் போயிடுவீங்கன்னு, டாக்ஸியில ஏறுற வரைக்கும் மறைவா நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன். அண்ணி முன்னாடியும் விட்டுக்கொடுக்க மனசு வரல. ஆனா திங்கக்கிழமையும் உங்களைத் தேடிக்கிட்டு அலைஞ்சா, நான் எப்பங்க வேலைக்குப் போறது?"