காதில்லாத சிலை

"அவனைக் கைது பண்ணிட்டாங்களாம்! அவனை! என்னை விட்டுட்டு அவனை!"

குட்டை, கையிலிருந்த பத்திரிகையைக் கட்டிலில் வீசினார். வீசிய வேகத்தில் மூக்குக்கண்ணாடியும் கூடவே போனது.

மனைவி இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெதுவாங்க. ஆபரேஷன் பண்ணி நெஞ்சைத் தைச்சு இன்னும் ரெண்டு வருஷம் ஆகல."

அலுவலகத்தில் இவர் குட்டை, கைதானவர் நெட்டை. இருவருடைய உண்மையான பெயரும் வருகைப் பதிவேட்டுக்கும் வாசகர்களுக்கும் மட்டும்தான். இருபது வருடமாக ஒரே பத்திரிகை, ஒரே பக்கம். வியாழக்கிழமை ஆறாம் பக்கத்தில் இடது ஓரம் இவர் கட்டுரை, வலது ஓரம் நெட்டையின் கட்டுரை. எது எங்கே, யார் பேரில் என்று பக்கத்தைக் கட்டி அச்சுக்கு அனுப்பும் பொறுப்பும் நெட்டைக்கே. அது ஒரு தனி வயிற்றெரிச்சல்.

"தலைவரைக் குறை சொன்னா மக்களையே சொன்ன மாதிரி, ஜெயில்தான்னு சட்டம் வந்து ஒரு வருஷம் ஆச்சு. அன்னைலேர்ந்து வாரா வாரம் கிழிகிழின்னு கிழிக்கிறேன். போன வாரம் என்ன எழுதினேன்? 'தலைவருக்கு நாற்பது அடியில் சிலை வைத்தார்கள். காது மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள்.' இதுக்கு ஒரு கான்ஸ்டபிளாவது வர வேண்டாமா? ஒரு மிரட்டல் போன்?"

"நேத்து ஒரு போன் வந்துச்சே."

"அது கேஸ் சிலிண்டர்க்காரன்!"

கட்டிலுக்கடியில் ஒரு வருடமாகப் பை தயாராக இருந்தது. இரண்டு சட்டை, மாத்திரை, சோப்பு, விடுதலையாகி வரும்போது போட்டோவுக்கென்று ஒரு சீப்பு. சீவ மிச்சமிருந்ததென்னவோ பதினாறு முடிதான்.

"தெருவுல எவனைப் பார்த்தாலும் 'அந்த வலது ஓரத்துக்காரருக்கு என்ன தைரியம், என்னமா எழுதறார்'ங்கறான். என்கிட்ட வந்தா? 'உங்களதைப் படிச்சா மனசு லேசாகுது சார்.' லேசாகுதாம்! நான் என்ன தைலமா?"

"அப்படி என்னதான் எழுதறார்னு ஒருநாள் படிச்சுப் பார்க்கலாமில்ல?"

"அவனையா? கட்டை வேகற வரைக்கும் மாட்டேன்."

அது பழைய சபதம். தன் கட்டுரையையும் அவர் அச்சில் படிப்பதில்லை. ஒரு கமா இடம் மாறினாலும் இரத்தக் கொதிப்பு ஏறுகிறது என்று டாக்டரே தடை போட்டிருந்தார். ஆகவே வியாழக்கிழமை வந்தால் அந்த வீட்டில் ஆறாம் பக்கம் நேராக அலமாரித் தட்டுக்குத்தான் போகும், குப்புற விரிக்க.

மனைவி தேய்த்த சட்டையை மடித்து ஒரு பையில் வைத்தார்.

"யாருக்கு இது?"

"அவருக்குத்தான். ஒண்டிக்கட்டை. மாத்துத் துணி யார் கொண்டு போவாங்க?"

"என் சட்டையையா? பேரு அவனுக்கு, சட்டை என்னோடதா? அவன் போட்டா தொப்புள் தெரியும்!"

"உங்களோடதுன்னா அவர் எப்படியும் சமாளிச்சுக்குவார். கிளம்புங்க, கோர்ட்டுக்குப் போகலாம்."

குட்டை கிளம்பினார். அவன் பயப்படுகிறானா என்று நேரில் பார்க்கும் ஆசைதான், வேறென்ன.

நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை; ஒரு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வாசலில் கேமரா, உள்ளே கல்லூரிப் பெண்கள், ஜன்னலிலெல்லாம் தலைகள். தான் கைதானால் இதில் பாதியாவது வருமா என்று குட்டை மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். சொந்தக்காரர்களைச் சேர்த்தும் பத்தைத் தாண்டவில்லை.

கூண்டில் நெட்டை கசங்கிய சட்டையோடு நின்றார். இடது கன்னம் வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தைக்கூடக் குட்டை ஒரு நொடி பொறாமையோடுதான் பார்த்தார். அடுத்த நொடி தன்மேலேயே கூச்சம் வந்து தரையைப் பார்த்தார்.

அரசு வக்கீல் பத்திரிகையை விரித்தார். "ஐயா, போன வியாழன், ஆறாம் பக்கம், வலது ஓரம். இவர் பேர் போட்டு வந்த கட்டுரை. வாய்விட்டுப் படிக்கவே எனக்கு நடுங்குது." ஆனாலும் நன்றாகவே படித்தார். "'தலைவருக்கு நாற்பது அடியில் சிலை வைத்தார்கள்; காது மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள்.'"

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

குட்டை மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவர் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தார். "சட்டம் வந்த வாரத்துலேர்ந்து இப்படித்தாங்க," என்றார் கிசுகிசுப்பாக. "பக்கம் கட்டறப்ப மாத்திடுவார். உங்களது அவர் பேர்ல வரும், அவரது உங்க பேர்ல. 'எழுதாதேன்னா கேக்க மாட்டான், தைச்ச நெஞ்சு ஜெயிலைத் தாங்காது தங்கச்சி'ன்னார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"இதை எழுதினது நீங்கதானா?" என்று கேட்டார் நீதிபதி.

"ஆமாங்க ஐயா," என்றார் நெட்டை. "ஒரு எழுத்து விடாம நான்தான்."

குட்டை எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. கட்டிலுக்கடியில் பையில் வைத்த மாத்திரை, சீப்பு எதுவும் நினைவில் இல்லை. "இல்லைங்க ஐயா! அது நான் எழுதினது! விட்டுடுங்க அவனை! அது என்னோடது!"

நெட்டை இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நீதிபதியைப் பார்த்துச் சலித்துக்கொள்கிற குரலில் சொன்னார்: "கண்டுக்காதீங்க ஐயா. அவனுக்கு இருபது வருஷமா என்மேல பொறாமை, ஊருக்கே தெரியும்."

கூடியிருந்த அத்தனை பேரும், சிரித்துக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினார்கள்.