முன்வரிசை நாற்காலி

சபீனாவின் தையல் கடையை எரித்தவர்கள் சிறைக்குப் போனார்கள். எரிப்பதற்கு முந்தைய மாலை மைதானத்து மேடையில் பேசியவரை மட்டும், அவர் சொன்னது வெறுப்பல்ல, மத நம்பிக்கை என்று நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அவருடைய அடுத்த கூட்டம் அதே மைதானத்தில் நடந்தது. கடையை மறுநாள் காலை மறுபடி திறக்கவிருந்த சபீனா, அந்தக் கூட்டத்துக்குத் தீயில் மிஞ்சிய மர நாற்காலியைத் தலையில் சுமந்துவந்து, மேடைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அதன் ஒரு கைப்பிடி கரியாகியிருந்தது.

தொண்டர் ஒருவர் ஓடி வந்தார். “இது எங்க கூட்டம்மா. உனக்கு இங்க என்ன வேலை?”

“என்னைப் பத்தித்தானே பேசப்போறாரு? ஆள் இல்லாதப்ப பேசினா அது புறணிங்க.”

“வம்பு பண்ணாத, எந்திரி.”

“அவரு பேசலாம்னு கோர்ட்டு சொல்லிருச்சு. நான் வந்து கேக்கக்கூடாதுன்னு சொல்லலையே.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். முன்வரிசைக்குச் சோடா கொடுத்துக்கொண்டு வந்தவர், பழக்கத்தில் அவளிடமும் ஒன்றை நீட்டிவிட்டார். அவள் வாங்கிக்கொண்டாள்.

பேச்சாளர் எழுந்தார். ‘அவர்கள்’ என்று தொடங்கும்போது கையை நீட்டிக் காட்டுவது அவர் வழக்கம். இன்று அந்தக் கை பாதியில் நின்றது. நீட்டினால் அவள் முகத்துக்கு நேராகத்தான் வரும். அவர் தண்ணீர் குடித்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

சபீனா கருகிய கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

“சொல்லுங்க. மைக் நல்லாத்தான் இருக்கு.”