ஐந்து பவுண்டு குறைவு

மூன்றாவது பூட்டை இடுப்புக் கயிற்றில் கோத்தபோது மரியசெல்வம் மூச்சை இழுத்துக்கொண்டான்.

"வெளிய தெரியுமாண்ணே?"

"தொளதொளன்னு சட்டை போட்டிருக்க. என்னத்தத் தெரியப்போகுது? ஆடாம நில்லுலே," என்றான் சங்கிலி.

மரியசெல்வம் பினாங்கிலிருந்து வந்து டாக்டர் படிப்புக்கு மனுப் போட்டிருந்தான். இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த கப்பலில் திரும்பிவிடும்படி அப்பா எழுதிவிட்டார். சங்கிலி மதுரையில் அதே படிப்பில் இரண்டாம் வருடம். மனு நிரப்பியதிலிருந்து எல்லாம் அவன் சொன்னபடிதான் நடந்தது.

மிச்சம் உடல்தகுதிச் சான்று. நூறு பவுண்டு எடை இல்லாதவனைச் சேர்க்கமாட்டார்கள் என்றான் சங்கிலி. திண்டுக்கல் ஸ்டேஷன் மிஷின் தொண்ணூற்றைந்து காட்டியது. நல்லவேளை, சங்கிலியின் வீட்டில் பூட்டுப் பட்டறை இருந்தது.

ஐந்து பூட்டும் ஏறின. சங்கிலி சாவிக்கொத்தையும் அவன் சட்டைப்பையில் போட்டான்.

"சாவி எதுக்குண்ணே?"

"ஏலே, அது மட்டும் பஞ்சா? அதுவும் எடைதான். டவுன் டாக்டருங்ககிட்டப் போயிராத, கெடுபிடி. சித்தையன்கோட்டை டாக்டர் தங்கமானவரு."

"நீங்களும் வாங்களேன்."

"இந்த வெயில்லயா? வழி சொல்லத்தான் என்னால முடியும் அப்பு. நடக்கிறது நீதான்."

பஸ்ஸில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே போனான். இறங்கி ஒரு மைல் நடந்தான். அடிக்கு அடி இடுப்பு கிணுகிணுத்தது. எதிரே ஆள் வந்தால் இருமினான்.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். எடை மிஷினில் ஏறச் சொன்னார். முள் நூற்றொன்றில் நின்றது. மரியசெல்வம் மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டான்.

டாக்டர் அவன் இடுப்பில் விரலால் தட்டினார். கிணுக்கென்றது.

"இது ஆறு பவுண்டு போகும். அப்ப நீ தொண்ணூத்தஞ்சு."

கப்பல் சங்கு ஊதியதுபோல் இருந்தது அவனுக்கு. டாக்டர் தொண்ணூற்றைந்து என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"நூறு வேணுமே சார்?"

"எவன் சொன்னான்? நோய்நொடி இல்லாம இருந்தாப் போதும். சாவி எங்க?"

மரியசெல்வம் விழித்தபடி எடுத்துக் கொடுத்தான்.

"அஞ்சு பூட்டு கேட்டு ஒரு மாசமாச்சு," என்றார் டாக்டர். "கொண்டாந்து குடுக்க சங்கிலிக்கு இப்பத்தான் ஆள் கெடச்சுதாக்கும்."