முற்றாத சினை

ஏப்ரல் மாதக் குளிர் ரப்பர் கையுறைக்குள் புகுந்து விரலைக் கடிக்கிறது. மயக்க மருந்துத் தொட்டியிலிருந்து எடுத்த ஸ்டீல்ஹெட் மீனின் வாலை நான் பிடித்திருக்க, வெர்னா அதன் வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். கல் மாதிரி இருக்கிறது. "இதுவும் முத்தல. திரும்பக் குளத்துல விடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்கிறாள். காலையிலிருந்து பார்த்த பெண்மீன் எதிலுமே சினை முற்றவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், எங்கள் மீன்குஞ்சு பொரிப்பகத்தைப் பார்க்க ஒரு பஸ் நிறைய வந்தவர்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மேலாளர் லமார் அவர்களுக்குக் கையாட்டிச் சிரித்தபடியே பல்லைக் கடிக்கிறான். "வந்தவங்கள சும்மா அனுப்பச் சொல்றியா? அறு." "நீயே அறுத்துக்கோ, லமார். என் கத்தி இதத் தொடாது" என்கிறாள் வெர்னா. அவனே தடியால் மீனின் தலையில் ஒன்று போட்டு வயிற்றைக் கீறுகிறான். மணிமணியாகக் கொட்ட வேண்டிய சினை, சவ்வோடு ஒட்டிய கட்டியாக, சளியைப் போல வாளியில் சொத்தென்று விழுகிறது. கடலிலிருந்து எட்டு அணை தாண்டி, மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, ஐடஹோ வரை இது சுமந்து வந்த சினை. இதில் ஒரு குஞ்சுகூடப் பொரிக்காது. லமாருக்கும் தெரியும். தெரிந்தும் ஓர் ஆண்மீனைப் பிழிந்து, அதன் விந்தை அந்தக் கட்டிமேல் பீய்ச்சுகிறான். கண்ணாடிக்குப் பின்னால் ஓசையில்லாமல் கைதட்டுகிறார்கள். "கிளறுடா, பாக்குறாங்கல்ல." வெர்னா என்னையே பார்க்கிறாள். நான் வாளிக்குள் கையை விட்டுக் கிளறுகிறேன்.